புயல் படத்தில் முதலில் நேரத்தைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கியவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும், பிரவுசரைத் திறந்து புயல் படம் தேடுவார்கள். வண்ண வண்ணமாகச் சுழலும் படங்கள் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றில் எது இன்றைய படம், எது நேற்றையது, எது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, எது ரேடார் கண்டது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பழவேற்காட்டில் சிறிய கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கியவர் முதலில் கற்க வேண்டிய பழக்கங்களில் இதுவும் ஒன்று. எங்கள் ஊரில் இதற்குக் கணக்குப் போட்டு விலை சொல்லலாம்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உப்பங்கழி ஏரி. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல். கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம் போன்ற மீனவ ஊர்கள் கடலை ஒட்டி இருக்கின்றன. படகுகள் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போய் வர வேண்டும். 'கடலுக்குப் போக வேண்டாம்' என்று அறிவிப்பு வந்தால் அன்று வருமானம் கிடையாது. ஏரியில் பாடு முறைப்படி இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று முறை வைத்து வலை போடுகிறவர்களும் உண்டு. தங்கள் முறை வந்த நாளில் எச்சரிக்கையும் வந்துவிட்டால் அந்த நாள் போனது போனதுதான். ஆனால் எச்சரிக்கையை மதிக்காமல் போய்ப் புயலில் சிக்கினால் போவது உயிர். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் எங்கள் ஊர்க்காரர்கள் வானிலை அறிவிப்பைப் படிக்கிறார்கள்.

எங்கே கரையைக் கடக்கும்?

2016-ல் வந்த வர்தா புயலை நினைத்துப் பாருங்கள். முதலில் அது ஆந்திராவில் நெல்லூருக்கும் காக்கிநாடாவுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று கணிப்பு வந்தது. அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே 350 கிலோமீட்டருக்கு மேல். நாட்கள் நெருங்க நெருங்க அந்த எல்லை சுருங்கியது, தெற்கேயும் இறங்கியது. கடைசியில் டிசம்பர் 12-ம் தேதி பிற்பகல் சென்னை அருகே கரையைக் கடந்தது. 'வானிலைக்காரர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்' என்று பலர் இன்றும் கேலி செய்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. புதிய விவரம் வரும்போதெல்லாம் கணிப்பைத் திருத்தினார்கள். திருத்தாமல் இருந்திருந்தால்தான் குறை சொல்ல வேண்டும்.

புயலின் மையம் எங்கே இருக்கும் என்று 24 மணி நேரத்துக்கு முன்பு சொல்லும்போது, அண்மை ஆண்டுகளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சராசரிப் பிழை சுமார் 75 கிலோமீட்டர். மூன்று நாட்களுக்கு முன்பு சொன்னால் பிழை ஏறத்தாழ இரு மடங்கு. உலக அளவில் இது நல்ல கணிப்புதான். ஆனால் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம் வரை வான்வழியில் சுமார் 70 கிலோமீட்டர்தான். பழவேற்காடு அதற்கு நடுவில் இருக்கிறது. அதாவது, முந்தைய நாள் மேப்பில் கோடு நேராக எங்கள் ஊர் மேலேயே வரைந்திருந்தாலும், மறுநாள் மையம் சென்னையிலும் கடக்கலாம், ஸ்ரீஹரிகோட்டாவிலும் கடக்கலாம்.

இரண்டும் எங்களுக்கு ஒன்றல்ல. நம் பக்கத்துப் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கிழக்கேயிருந்து வரும் புயலின் மையம் எங்களுக்குத் தெற்கே, சென்னைப் பக்கம் கடந்தால் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். கடல்நீரை முகத்துவாரத்துக்குள்ளும் குப்பங்களுக்குள்ளும் தள்ளும். மையம் எங்களுக்கு வடக்கே கடந்தால் முதலில் நிலத்துப் பக்கமிருந்து காற்று வீசும். மழை கொட்டலாம், ஆனால் கடல் ஏறும் ஆபத்து குறைவு. துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டின் எண்களிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. 5, 6, 7 ஆகிய மூன்றும் அபாய எச்சரிக்கைகள்தான். புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 5, வலப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 6, துறைமுகத்தின் மேலோ அருகிலோ கடக்கும் என்றால் 7.

ஆகவே மேப்பில் நடுவில் இருக்கும் கோட்டை மட்டும் பார்க்காதீர்கள். அதைச் சுற்றிப் புனல் போல விரிந்து போகும் பகுதியைப் பாருங்கள். மையம் அந்தப் பகுதிக்குள் எங்கே வேண்டுமானாலும் போகக்கூடும் என்பதுதான் அதன் பொருள். உங்கள் ஊர் அதற்குள் இருந்தால் தயாராக வேண்டியதுதான். கோடு பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக உட்காரக் கூடாது.

கம்ப்யூட்டரில் என்ன பார்ப்பது?

முதலாவது, நேரம். வானிலைத் துறையின் மௌசம் டாட் ஐஎம்டி டாட் ஜிஓவி டாட் இன் என்ற வெப்சைட்டுக்குப் போனால் புயல் அறிவிப்புகள், ரேடார் படங்கள், சாட்டிலைட் படங்கள் எல்லாம் கிடைக்கும். புயல் அறிவிப்பில் இரண்டு நேரங்களைக் கவனியுங்கள். காலை 8.30 மணிக்குப் புயல் இருந்த இடத்தை வைத்துத் தயாரித்த அறிவிப்பு 11.30 மணிக்கு வெளியாகும். புயல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், நீங்கள் படிக்கும்போதே அது 45 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். படத்தில் 'யுடிசி' என்று போட்டிருந்தால் அதனுடன் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 06.00 யுடிசி என்றால் நமக்குக் காலை 11.30.

இன்னொன்றும் உண்டு. முன்பு பார்த்த படத்தைப் பிரவுசர் தன்னிடமே சேமித்து வைத்திருக்கும். அதே பக்கத்தை மறுபடி திறந்தால் சில சமயம் பழைய படத்தையே காட்டிவிடும். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப்5 கீயைத் தட்டுங்கள். புதிய படம் வரும். வந்த பிறகும் படத்தில் உள்ள நேரத்தைச் சரிபாருங்கள்.

இரண்டாவது, கணக்கையும் காட்சியையும் பிரித்துப் பாருங்கள். ரேடாரும் சாட்டிலைட்டும் சற்று முன்பு இருந்ததைக் காட்டுபவை. விண்டி போன்ற வெப்சைட்டுகளில் காற்று அழகாகச் சுழல்கிறதே, அதில் நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் தெரிவது கணக்கு. ஐரோப்பிய மையத்தின் கணக்கு, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் கணக்கு என்று அங்கேயே மாற்றி மாற்றிப் பார்க்க வசதி இருக்கிறது. இரண்டும் புயலை ஒரே இடத்தில் காட்டினால் ஓரளவு நம்பலாம். ஒன்று கடலூரையும் மற்றொன்று நெல்லூரையும் காட்டினால், விஷயம் இன்னும் முடிவாகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். நமக்குப் பிடித்த படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அல்ல இந்த வசதி.

மூன்றாவது, ஓர் அறிவிப்பை மட்டும் படிக்காமல் முந்தைய அறிவிப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் திறந்து, ஒவ்வோர் அறிவிப்பையும் தேதி, நேரம் போட்டு சேவ் செய்யுங்கள். நான்கு அறிவிப்புகள் சேர்ந்தால் கோடு எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

கணிப்பு பலிக்காத நாளில்

2024 அக்டோபர் 16-ம் தேதி சென்னை, திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். முந்தைய நாள் நல்ல மழை. வேளச்சேரியில் மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 16-ம் தேதி எதிர்பார்த்த மழை இல்லை. 17-ம் தேதி விடியற்காலை அந்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்துவிட்டது. உடனே கேலியும் கிண்டலும் கிளம்பின.

அடுத்த மாதமே ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 27-ல் புயலாகும் என்றார்கள்; ஆகவில்லை. வலுவிழந்துதான் கரையைக் கடக்கும் என்று கணிப்பு மாறியது. 29-ம் தேதி பிற்பகல் அது புயலாகிவிட்டது. 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பல மணி நேரம் நகராமல் நின்று, அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழையைக் கொட்டியது. அக்டோபரில் சிரித்துவிட்டு நவம்பர் அறிவிப்பையும் அலட்சியம் செய்தவர்கள் இருந்தால் அவர்கள் நிலை என்ன?

'தாழ்வு மண்டலம்தானே, புயல் இல்லையே' என்று சொல்வதும் ஆபத்து. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை ஒக்கி புயலாகிவிட்டது. ஏற்கனவே ஆழ்கடலில் இருந்த குமரி, கேரள மீனவர்கள் பலர் வீடு திரும்பவில்லை.

என் கருத்து

மீனவர்களிடம் நிச்சயமின்மையைப் பற்றிப் பேசினால் குழம்பிவிடுவார்கள், 'போ' அல்லது 'போகாதே' என்று மட்டும் சொன்னால் போதும் என்று சில படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வாடைக் காற்றா கச்சான் காற்றா, நீரோட்டம் எந்தப் பக்கம், முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் கணித்துத் தொழிலுக்குப் போகிறவர்கள் அவர்கள். 'இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம்' என்பது அவர்களுக்குப் புரியாத பேச்சு இல்லை. காரணம் சொல்லாமல் மாற்றிச் சொல்வதுதான் நம்பிக்கையைக் கெடுக்கிறது. 'நேற்று இவ்வாறு கணித்தோம், இன்று இந்தக் காரணத்தால் மாற்றுகிறோம், இன்னும் இவ்வளவு தூரம் மாறக்கூடும்' என்ற மூன்று வரிகள் ஒவ்வோர் அறிவிப்பின் தலைப்பிலும் எளிய தமிழில் இருக்க வேண்டும். படமாக இல்லாமல் எழுத்தாக இருக்க வேண்டும். எழுத்தாக இருந்தால் பெரிதாக்கிப் படிக்கலாம், காப்பி செய்து அனுப்பலாம், படிக்கத் தெரியாதவருக்குப் போனே வாசித்துக் காட்டும்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கும் பொறுப்பு உண்டு. தேதியும் நேரமும் இல்லாத படத்தை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். கடலுக்குப் போகாதே என்று மீன்வளத் துறை சொல்லிவிட்டால், விண்டி படத்தைக் காட்டி வாதாடாதீர்கள். கம்ப்யூட்டர் நமக்கு முன்கூட்டியே தயாராக உதவும். மூன்று நாள் இருக்கும்போது தொலைவுக்குப் போவதைத் தவிர்க்கலாம். ஒரு நாள் இருக்கும்போது படகை மேடேற்றி, இன்ஜினையும் வலையையும் பத்திரப்படுத்தலாம். வெளியேறச் சொல்லும்போது தயங்காமல் கிளம்பலாம்.

கடைசியாக ஒன்று. வர்தாவின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் டவர்களும் படுத்துவிட்டன. உங்கள் யுபிஎஸ் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ தாங்கும். அதற்குள் கடைசி அறிவிப்பை ஒரு பிரிண்ட் எடுத்து, மேலே நேரத்தைப் பேனாவால் பெரிதாக எழுதி, தெருவில் நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி போட்ட ரேடியோவைத் திருப்புங்கள்.