அழைப்பு என்பது கேள்விக்கு அப்பாற்பட்டதா?

‘ஆண்டவர் என்னை அழைத்துவிட்டார்’ என்னும் வாக்கியம் கிறிஸ்தவ மாணவர் வட்டங்கள் பலவற்றில் இன்று முற்றுப்புள்ளியாகிவிட்டது. ஆய்வைப் பாதியில் விட்டு முழுநேர ஊழியத்திற்குப் புறப்படும் மாணவரிடம் அதற்குப் பின் எவரும் எதையும் கேட்பதில்லை. கேட்டால் அவிசுவாசி என்ற பெயர். இம்மௌனம் பக்தியன்று, பொறுப்பைக் கைகழுவும் செயல்.

இதற்குச் சான்றாக ஓயாமல் எடுத்துக்காட்டப்படுவது அன்னை தெரசாவின் ரயில் பயணம். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் வழியில் அழைப்பைக் கேட்டார், சேரிக்குச் சென்றார் என்று கதை முடிக்கப்படுகிறது. இடையில் கழிந்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எங்கே போயின? கல்கத்தா பேராயர் பெரியே உடனே இசையவில்லை. கேள்விகள் எழுப்பினார், காத்திருக்க வைத்தார். தெரசா கடிதம் கடிதமாக விளக்கினார். 1948 ஆகஸ்டில்தான் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறினார். உடனே சேரிக்கும் செல்லாமல், பாட்னாவில் மருத்துவப் பயிற்சி பெற்றார். அந்த அழைப்புக்கு உரம் தந்தது ரயில் பெட்டி மட்டுமன்று, அந்த வினாக்களும்தாம்.

சோதித்தறிதல் என்றால் அதிகாரத்திற்குத் தலையாட்டுதல் என்றும் கொள்ளலாகாது. 1883இல் இங்கிலாந்தின் வான்டேஜில் திருமுழுக்குப் பெற்ற பண்டித ரமாபாய், தம்மை வழிநடத்திய ஆங்கிலிகன் அருட்சகோதரியுடன் கோட்பாடுகள் குறித்துக் கடிதங்களில் கடுமையாக வாதிட்டார். அவர் ஆண்களுக்குக் கற்பிப்பதை ஆயர்கள் எதிர்த்தபோதும் பணிந்து வாய்மூடவில்லை. 1889இல் பம்பாயில் சாரதா சதனைத் தொடங்கியவர் அந்த வாதங்களில் புடமிடப்பட்டவர்தாம்.

‘ஆவியானவரின் குரலை மனிதர் ஆராயலாமா?’ என்பர். சிறுவன் சாமுவேல் மும்முறை அழைக்கப்பட்டும் ஏலியின் குரலென்றே எண்ணினான். அழைத்தவர் யாரென்று உணர்ந்து சொன்னவர் ஏலி. அழைப்பு ஒருவருக்கு வந்தது. அதைப் புரிந்துகொள்ள இன்னொருவர் தேவைப்பட்டார். ஆவிகளைச் சோதித்தறியுமாறு யோவானின் முதல் நிருபமும் கட்டளையிடுகிறது.

சொல்லின் குறுக்கமும் இச்சிக்கலுக்கு ஒரு காரணம். பவுல் கையாளும் ‘கிளேசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல், முதன்மையாக விசுவாசிகள் அனைவருக்குமான அழைப்பைச் சுட்டுவது. பின்னாளில் அது துறவியருக்கு உரியதாகச் சுருங்கியது. 16ஆம் நூற்றாண்டில் லூத்தர் அதை உழைக்கும் மக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று அறிவித்தது. ஆயினும் தமிழ்ச் சபைகளில் ‘இறையழைத்தல்’ என்றால் குருமடமும் கன்னியர் மடமும், ‘ஊழிய அழைப்பு’ என்றால் பிரசங்க மேடையும்தாம் இன்றும் நினைவுக்கு வருகின்றன. ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் மாணவி, தான் அழைக்கப்படாதவள் என்று எண்ணிக் குன்றிப்போவதற்கு இக்குறுக்கமே வித்திடுகிறது.

‘அழைக்கப்பட்டேன்’ என்பது செயப்பாட்டு வினை. அழைத்தவர் யார், எப்பணிக்கு, எந்த மக்களுக்காக என்னும் மூன்றையும் சொல்லாமலே அவ்வாக்கியம் நிறைவுபெற்றுவிடும். இலக்கணம் அந்தச் சலுகையைத் தரலாம், சபை தரலாகாது. இருபத்திரண்டு வயதில் ஒருவர் தம் வாழ்வை முழுவதுமாக ஒப்படைக்க முன்வரும்போது, அவரிடம் இம்மூன்று கேள்விகளையும் கேட்பதே அவருக்குச் செய்யும் முதல் மரியாதை. கேள்வி கேட்டதும் கலைந்துபோகும் அழைப்பு, பணியின் முதல் வறண்ட ஆண்டையும் தாங்காது.