ஆடிஷனுக்கு எதற்கய்யா காசு?

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம், படப்பை பக்கம் அறை எடுத்தும் ஹாஸ்டலிலும் தங்கி வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் கட்டாயம் படியுங்கள். படித்துவிட்டு உங்கள் ரூம் குரூப்பில் போடுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். "புதுப் படத்துக்கு ஆள் எடுக்கிறோம்" என்று சொல்லி உங்களிடம் ஒரு ரூபாய் கேட்டாலும், அவன் நடிக்க ஆள் தேடவில்லை, ஏமாற ஆள் தேடுகிறான். பதிவுக் கட்டணம், போட்டோ ஷூட், காஸ்ட்யூம் டெபாசிட், யூனியன் கார்டு என்று அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.

என்னிடம் படித்த பையன் ஒருவன் போன மாதம் போன் செய்தான். டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே ஒரு தொழிற்சாலையில் ட்ரெய்னியாக இருக்கிறான். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து சென்னையில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறான். பெயர் பதிய 2,000. போட்டோ ஆல்பத்துக்கு 18,000. "முகம் நல்லா இருக்கு, கேமரா பயம்தான் இருக்கு" என்று சொல்லி பயிற்சிக்கு 25,000. ஆக 45,000 ரூபாய், ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம். அதற்கப்புறம் அந்த நம்பர் எடுக்கவில்லை. பணம் போனதைவிட அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உறுத்தியது. "சார், அன்னைக்கு வந்த அத்தனை பேரையும் செலக்ட் பண்ணாங்க சார்." முப்பத்து நாலு வருஷம் ஆசிரியர் வேலை பார்த்தவன் நான். எழுதிய அத்தனை பேரும் தேறுகிற தேர்வு என்றால் அதன் பெயர் தேர்வே இல்லை என்று எனக்குத் தெரியும்.

நம் பகுதிக்காரர்களுக்கு இதைப் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டியதில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்த காலம் தொட்டு, "கம்பெனியில பெர்மனென்ட் வாங்கித் தரேன், ஐம்பதாயிரம் கொடு" என்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வேலைக்கு எடுக்க நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று பெரிய கம்பெனிகளே அறிவிப்புப் போட வேண்டியிருக்கிறது. ஆள் தேவைப்படுகிறவன்தான் ஆள் தேடுவதற்கான செலவைச் செய்ய வேண்டும். கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிக்குக் கம்பெனி பணம் கொடுக்கும். படத்துக்கு ஆள் தேர்வு செய்கிறவருக்குத் தயாரிப்பாளர் பணம் கொடுப்பார். ஒரே கணக்கு.

சினிமாக் கம்பெனிகளும் இதே மாதிரி எச்சரிக்கை விட்டிருக்கின்றன. 2023 ஜூலையில் சல்மான் கானின் பட நிறுவனமே, "நாங்கள் இப்போது எந்தப் படத்துக்கும் ஆள் எடுக்கவில்லை, ஏஜென்ட் யாரையும் வைக்கவில்லை" என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டி வந்தது. மும்பையிலேயே அந்த நிலைமை.

அப்படியானால் கன்சல்டன்சிக்காரனிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற பையன், சினிமா ஏஜென்டிடம் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு காசு கட்டுகிறான்? யாரிடமும் போய்க் கேட்க முடியாததுதான் காரணம். வேலை விஷயம் என்றால் அப்பாவிடம் சொல்வான், சித்தப்பாவிடம் விசாரிப்பான். நடிக்கப் போகிறேன் என்று சொன்னால், "உன் மூஞ்சிக்கு சினிமாவா?" என்று வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ரகசியமாகப் போகிறான், ரகசியமாக ஏமாறுகிறான், ஏமாந்ததையும் ரகசியமாக வைத்துக்கொள்கிறான். மோசடிக்காரனுக்கு முதலீடே இந்தக் கேலிதான். பெரியவர்களே, கேலி செய்து நீங்கள் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. தனியாக அனுப்பி வைக்கிறீர்கள்.

அந்த ஆசையில் கேலி செய்ய என்ன இருக்கிறது? நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. ரஜினி பெங்களூரில் பஸ் கண்டக்டர். விஜய் சேதுபதி துபாயில் கணக்கு வேலை பார்த்துவிட்டு வந்து, கூத்துப்பட்டறையிலும் கணக்கு எழுதியவர். கூட்டத்தில் ஒருவராகவும் சின்னச் சின்ன வேடத்திலும் சில படங்களில் தலைகாட்டி, 2010-ல் 'தென்மேற்குப் பருவக்காற்று' வந்த பிறகுதான் கதாநாயகன். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி நல்லாண்டி ஐயாவை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது வயதைத் தாண்டி 'கடைசி விவசாயி'யில் நடித்தார். படம் வெளியாவதற்குள் காலமாகிவிட்டார். தேசிய விருதுக் குழு அவருக்குச் சிறப்புக் குறிப்பு கொடுத்தது. அவர் எந்த ஆல்பத்துக்கு 18,000 கட்டினார்?

உடனே ஒருவர் வருவார். "சார், ரஜினியே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல ஃபீஸ் கட்டித்தானே படிச்சாரு?" கட்டினார், படித்தார். அது பள்ளிக்கூடம். 1973-ல் சேர்ந்து நடிப்புக் கற்றுக்கொண்டார். அங்கே அவரைப் பார்த்து 'அபூர்வ ராகங்கள்' படத்துக்கு எடுத்த கே.பாலசந்தர் அவரிடம் பதிவுக் கட்டணம் கேட்கவில்லை. கற்றுக்கொடுப்பதற்கு வாங்குகிற காசு வேறு, தேர்ந்தெடுப்பதற்கு வாங்குகிற காசு வேறு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, "பயிற்சியில் சேர்ந்தால் வாய்ப்பு உறுதி" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சங்க உறுப்பினர் கட்டணமும் அப்படித்தான். சங்கத்தின் அலுவலகத்தில், ரசீதோடு கட்ட வேண்டியது அது. ஆடிஷன் நடத்துகிறவனின் ஜிபே நம்பருக்குப் போக வேண்டியதல்ல.

நிஜத்தில் ஆள் தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரியாததும் ஒரு காரணம். கதை முடிவானதும் பாத்திரப் பட்டியல் போடுவார்கள். வயது என்ன, உயரம் என்ன, எந்த வட்டாரப் பேச்சு, என்ன தொழில். பெரிய வேடங்களுக்கு இயக்குநர் மனதில் ஏற்கெனவே ஆள் இருக்கும். மீதிக்கு உதவி இயக்குநர்கள் தேடுவார்கள். காஸ்டிங் டைரக்டர் என்று தனியாக ஓர் ஆளை வைத்துக்கொள்வது தமிழில் பரவலானது அண்மைக் காலத்தில்தான். நாடகக் குழுக்களில் பார்ப்பார்கள், குறும்படங்களில் பார்ப்பார்கள், இயக்குநரோ கம்பெனியோ தங்கள் சொந்தப் பக்கத்தில் அறிவிப்புப் போடுவார்கள். வருகிற படங்களையும் வீடியோக்களையும் சலித்து, சிலரை மட்டும் நேரில் கூப்பிட்டு ஒரு சின்னக் காட்சியைக் கொடுத்து நடிக்கச் சொல்வார்கள். அதிலும் சிலரைத்தான் மறுபடி கூப்பிட்டு, வேட உடையில், உடன் நடிப்பவரோடு நிறுத்திப் பார்ப்பார்கள். கடைசியில் இயக்குநர் முடிவு செய்வார். கூட்டத்தில் நிற்கிற வேடங்களுக்கு வழி வேறு. அதற்குத் துணை நடிகர் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அங்கே நின்றால் நாள் கூலி உங்களுக்கு வர வேண்டும், உங்களிடமிருந்து போகக்கூடாது.

எடுக்கவில்லை என்றால் உங்களுக்கு நடிக்க வராது என்று அர்த்தமில்லை. அண்ணனாக நடிப்பவர் உயரம் குறைவு என்பதற்காகவே தம்பி வேடத்துக்கு வந்த நெட்டைப் பையனை வேண்டாம் என்பார்கள். லைனில் நிற்கும் உங்களுக்குத் தெரியாததா? ஃபிக்சரில் உட்காராத பார்ட் எல்லாம் ரிஜெக்ட் பார்ட் இல்லை, வேறு மாடலுக்கு உரியதாகவும் இருக்கலாம். எத்தனையோ பேர் ஐம்பது தடவை "வேண்டாம்" கேட்டவர்கள்தான். மோசடிக்காரனிடம் மட்டும்தான் முதல் தடவையே "வேணும்" என்று பதில் வரும்.

சரி, தயாராவது எப்படி? முதல் சுற்று இப்போது பெரும்பாலும் போனில் எடுத்து அனுப்புகிற வீடியோதான். அதற்காக லீவு போட்டு அட்டெண்டன்ஸ் போனஸை இழக்க வேண்டாம். வெறும் சுவர் ஒன்று வேண்டும். (அறையில் கொடியில் தொங்குகிற சட்டைகளை எடுத்துவிடுங்கள்.) ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நில்லுங்கள். போனைப் படுக்கை வாட்டில், கண் உயரத்தில் வையுங்கள். பெயர், வயது, உயரம், சொந்த ஊர், தெரிந்த மொழிகள் சொல்லி, இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டுங்கள். எதிராளி வசனத்தை ரூம்மேட் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று சொல்லட்டும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவனை எழுப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள், அது வேறு சண்டையில் முடியும். ஃபில்டர் வேண்டாம், பின்னணி இசை வேண்டாம். போட்டோவும் அப்படித்தான், முகம் முகமாக இருந்தால் போதும். கறுப்புக் கண்ணாடி போட்டு பைக்கில் சாய்ந்து நிற்கிற படத்தை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

பெரிய ஹீரோ பேசிய பஞ்ச் வசனத்தை மனப்பாடம் செய்து பேசிக் காட்டாதீர்கள். அவர் ஏற்கெனவே இருக்கிறார், அவரைப் போல இன்னொருவரைத் தேடவில்லை. உங்கள் ஊர்ப் பேச்சில் பேசுங்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், திருநெல்வேலி, ராமநாதபுரம் என்று எத்தனை மாவட்டத்துப் பேச்சு இந்த ஒரகடத்து டீக்கடைகளில் கேட்கிறது! இங்கே வந்து சேர்ந்ததும் கூச்சப்பட்டு அந்தப் பேச்சை மறைக்கிறீர்கள். சினிமாக்காரர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள். தினமும் செய்தித்தாளில் ஒரு பத்தியை உரக்கப் படியுங்கள். ல, ள, ழ தெளிவாக வரட்டும், தமிழ் வாத்தியார் சொல்கிறேன். பூமணி, இமையம் கதைகளில் வரும் உரையாடலில் அரைப் பக்கத்தை மனப்பாடம் செய்து, அதையே சூப்பர்வைசரிடம் பேசுவது போலவும், அம்மாவிடம் பேசுவது போலவும், கடன் கொடுத்தவனிடம் பேசுவது போலவும் சொல்லிப் பாருங்கள்.

நடிப்பு பார்க்க வேண்டுமா? காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் கோடை வந்தால் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல், கட்டை கட்டிக்கொண்டு இரவு முழுக்கத் தாங்குகிற உடம்பு. கூத்துப்பட்டறையை 1977-ல் தொடங்கிய ந.முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம்தான் போய்க் கூத்தின் இலக்கணம் தெரிந்துகொண்டார். அந்தப் பட்டறையிலிருந்துதான் பசுபதியும் குரு சோமசுந்தரமும் வந்தார்கள். புரிசை நமக்கு எட்டாத தூரமில்லை. காஞ்சிபுரம் தாண்டி செய்யாறு பக்கம்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேரளத்தில் நீதிபதி ஹேமா கமிட்டி 2019-ல் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துப் பெண்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த வார்த்தை காதில் விழுந்தால் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஆடிஷன் என்றால் பகலில், அலுவலகத்தில், கூட ஒருவர் வர அனுமதியோடு நடக்க வேண்டும். லாட்ஜ் அறை என்றால் போகாதீர்கள். நீச்சல் உடை போட்டோ முதலிலேயே கேட்டால் அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு.

அமெரிக்காவில், ஹாலிவுட் இருக்கிற கலிபோர்னியாவில், 2009-லேயே சட்டம் போட்டார்கள்: ஆடிஷனுக்குக் காசு வாங்குவது குற்றம். 2017-ல் லாஸ் ஏஞ்சலஸில், பயிற்சிப் பட்டறை என்ற பெயரில் தேர்வாளர்களைச் சந்திக்கக் காசு வாங்கினார்கள் என்று ஐந்து பட்டறைகளைச் சேர்ந்த 28 பேர் மீது வழக்குப் போட்டார்கள். நம் ஊரில் ஏமாற்றிய பிறகு மோசடி வழக்குப் போடலாம். ஏமாற்றுவதற்கு முன்னால் தடுக்க என்ன இருக்கிறது? தமிழக அரசு அப்படி ஒரு சட்டம் கொண்டு வரட்டும். அதுவரை தயாரிப்பாளர் சங்கமும் நடிகர் சங்கமும் ஃபெப்சியும் சேர்ந்து ஒரே ஒரு பக்கம் நடத்தட்டும்: இன்ன படத்துக்கு, இன்ன கம்பெனி, இந்த நம்பரிலிருந்து ஆள் தேர்வு செய்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். ஒரு போஸ்டர் ஒட்டுகிற செலவுகூட ஆகாது. பல கோடி ரூபாயில் படம் எடுப்பவர்களுக்கு இது முடியாத காரியமா? உங்கள் பெயரைச் சொல்லித்தானே எங்கள் பிள்ளைகளிடம் காசு பிடுங்குகிறான்!

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சாட், ஜிபே ரசீது எதையும் அழிக்காதீர்கள். என் மாணவன் புகார் கொடுத்துவிட்டான். ஆகவே அந்த அலுவலகத்தின் பெயரைக் கமெண்டில் கேட்காதீர்கள்.

வீடியோ எடுத்துப் பார்த்தவர்கள் இன்பாக்ஸில் அனுப்பலாம். உச்சரிப்பை மட்டும் கேட்டுச் சொல்கிறேன். நடிப்பைப் பற்றிச் சொல்ல நான் ஆளில்லை.