மூட்டுக்கு ஊசி, தலைக்கு ஊசி: உப்புத்தண்ணீர் சொன்ன கணக்கு

இந்த இதழுக்கு வந்த உடல்நலக் கடிதங்களில் இரண்டு, ஊசியைப் பற்றியவை. ஒன்று முழங்காலுக்குப் போட்டது. இன்னொன்று மரத்திலிருந்து விழுந்தவருக்குப் போட்டது. கிளினிக்கில் மூட்டுக்குள் வழக்கமாகப் போடும் ஊசியும், மெடிக்கல் ஷாப்பில் போட்ட ஊசியும் ஸ்டீராய்டு என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. அதனால் பதிலும் சேர்த்தே தரப்படுகிறது.

முதல் கடிதம் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து. வாசகிக்கு 54 வயது. பன்னிரண்டு வயதில் நாற்றுப் பறிக்கப் போனவர். நடவு, களையெடுப்பு என்று நாற்பது வருடம் சேற்றில் குனிந்தும் குத்தவைத்தும் வேலை பார்த்திருக்கிறார். மூன்று வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, படி இறங்கினால் உயிர் போகிறது. டவுனில் ஒரு கிளினிக்கில் மூட்டுக்குள் ஊசி போட்டார்கள். முதல் ஊசிக்கு மந்திரம் போட்டதுபோல வலி நின்றது. சில வாரங்களில் திரும்பி வந்தது. இதுவரை ஐந்து ஊசி ஆகிவிட்டது. இப்போது அவருடைய ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றிப் பிரித்து, அதை மூட்டில் செலுத்தினால் தேய்ந்த ஜவ்வு வளர்ந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டு ஆட்டை வித்தா ஒரு காலுக்கு ஆகும். வித்துடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆட்டை விற்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம்.

புதிதாக ஒரு உரம் வந்தால் விவரமான விவசாயி முழு வயலுக்கும் போட மாட்டார். நாலு பாத்திக்குப் போட்டு, பக்கத்தில் நாலு பாத்தியைச் சும்மா விட்டுவைப்பார். மழை பெய்தால் இரண்டுக்கும்தான் பெய்யும். அறுவடையில் வித்தியாசம் தெரிந்தால்தான் அது உரத்தின் வேலை. மருத்துவ ஆய்விலும் இதே முறைதான். ஆனால், பயிருக்கு இல்லாத ஒரு சங்கடம் மனிதருக்கு உண்டு. 'டாக்டர் ஊசி போட்டார், பணம் கட்டினோம்' என்ற நினைப்பிலேயே பாதி வலி குறைந்துவிடும். மூட்டுவலி தானாகவும் ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறோம். அதன் பிறகு அது தானாக இறங்கினாலும் பெயர் ஊசிக்குத்தான் போகும். அதனால் ஆய்வில் ஒரு பாதிப் பேருக்கு மருந்தையும், மறு பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீரையும் ஊசியில் ஏற்றுவார்கள். யாருக்கு எது என்று போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது.

இந்தப் பரிசோதனையை ஆபரேஷனுக்கே வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்குத் துளை போட்டு மூட்டைக் கழுவினார்கள். சிலருக்குக் கழுவியதோடு உள்ளே சுரண்டிச் சுத்தமும் செய்தார்கள். மீதிப் பேருக்கு மேல்தோலில் மட்டும் கீறல் போட்டு, ஆபரேஷன் நடப்பதுபோலத் தண்ணீர்ச் சத்தம் காட்டி, தையல் போட்டு அனுப்பினார்கள். இப்படியும் நடக்கலாம் என்று எல்லோரிடமும் முன்பே எழுதி வாங்கிக்கொண்டுதான் செய்தார்கள். இரண்டு வருடம் பார்த்ததில் மூன்று கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. 2002-ல் வெளியான இந்த முடிவு எலும்பு டாக்டர்களிடையே பெரிய சண்டையைக் கிளப்பியது. தேய்மானத்துக்காக மட்டும் மூட்டைக் கழுவுவதை இன்று வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை.

வாசகி போட்டுக்கொண்டிருக்கும் ஸ்டீராய்டு ஊசிக்கு வருவோம். பாஸ்டனில் 140 பேரை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு உப்புத்தண்ணீர், இப்படியே இரண்டு வருடம். முடிவில் வலி இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஜவ்வு மட்டும் ஒன்றுபோல இல்லை. உப்புத்தண்ணீர் போட்டவர்களுக்கு 0.10 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு 0.21 மில்லிமீட்டர். வீங்கி, தாங்க முடியாமல் வலிக்கும் மூட்டுக்கு எப்போதாவது ஒரு ஊசி போடுவதைத் தப்பு என்று சொல்ல முடியாது. சில வாரங்களுக்கு நிவாரணம் கிடைக்கும். அதைத் தவணை கட்டுவதுபோல மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் பிரச்னை.

ரத்தத்திலிருந்து எடுக்கும் ஊசிக்கும் பரீட்சை நடந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 288 பேர். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஒரு வருடம் கழித்து வலியையும் அளந்தார்கள், ஸ்கேன் எடுத்து ஜவ்வின் கனத்தையும் அளந்தார்கள். உப்புத்தண்ணீர் போட்டவர்களைவிட எதிலும் மேலாக இல்லை. 2021-ல் வந்த முடிவு இது. ஜவ்வுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதனால்தான் தோலில் பட்ட காயம்போல அது ஆறுவதில்லை. 'வளர்ந்துவிடும்' என்று யார் சொன்னாலும், 'எத்தனை பேருக்கு வளர்ந்தது, எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்கலாம்.

சரி, எதுதான் கேட்கும்? தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. சொன்னால் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் அதில் பில் வராது! அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஸ்டீராய்டு ஊசி, இன்னொரு கூட்டத்துக்குப் பிசியோதெரபி கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களுக்குத்தான் வலியும் குறைவு, நடமாட்டமும் நன்றாக இருந்தது. அது 2020-ல் வெளியானது.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்க வேண்டும். பத்து முறை, பிறகு அடுத்த கால். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு மற்ற காலை விறைப்பாக ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி இறக்குவது இன்னொன்று. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது மூன்றாவது. முதலில் முடியாது, கையை ஊன்றித்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் லேசாக வலித்தாலும் விடக்கூடாது. ஆறு வாரமாவது செய்தால்தான் பலன் தெரியும். 'நாள் முழுக்க வயலில் வேலை செய்கிறேனே, அது பயிற்சி இல்லையா?' என்று பலர் கேட்பார்கள். குத்தவைத்துச் செய்யும் வேலை மூட்டை அழுத்துகிறது. குத்தவைத்தும் மண்டியிட்டும் உழைப்பவர்களுக்குத் தேய்மானம் அதிகம் என்பது பல நாடுகளில் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். களைக்குக் கோனோவீடர் போட்டால் நின்றுகொண்டே வேலை முடியும். வீட்டுக் கழிவறையில் ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போடலாம். ஆட்டு விலையில் பாதிகூட ஆகாது. உடம்பு எடை ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்ட மாடுகள் செத்து, அந்தச் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்ததால்தான், 2006-ல் அந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை வந்தது. கழுகின் உடம்பு வேறு, மனித உடம்பு வேறு. ஆனால், மாதக்கணக்கில் தினமும் விழுங்கினால் நம் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கெடுதல்தான். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். அதே மருந்தைக் களிம்பாக முழங்காலில் தடவினால் ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு, வலிக்கும் ஓரளவு கேட்கும். வேர் மருந்து என்று பஸ் ஸ்டாண்டில் விற்கும் பொடி ஒரே நாளில் வலியை நிறுத்தினால் சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலப்படம் பிடிபட்டிருக்கிறது.

மூட்டு மாற்று ஆபரேஷன் கடைசிப் படி. முற்றிய தேய்மானத்துக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. டென்மார்க்கில் 100 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்த 50 பேருக்கு வலி அதிகமாகக் குறைந்தது, சிக்கல்களும் அதிகமாக வந்தன. பயிற்சி, எடைக் குறைப்பு, மாத்திரை என்று போன மற்ற 50 பேரில், ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது 13 பேருக்குத்தான். செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரித்துவிட்டுத் தனியாரிடம் போகலாம். பிசியோதெரபியும் அங்கே உண்டு.

இரண்டாவது கடிதம் மனதைக் கனக்கச் செய்வது. பொள்ளாச்சி பக்கத்து வாசகரின் தம்பி தேங்காய் பறிப்பவர். போன ஐப்பசியில், மழைக்கு நனைந்திருந்த மரத்தில் வழுக்கி விழுந்தார். இரண்டு நிமிடம் நினைவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்தார், பேசினார், டீ குடித்தார். ஊர் மெடிக்கல் ஷாப்பில் 'டெக்சா' ஊசி போட்டு, வீக்கம் வடிந்துவிடும் என்றார்கள். சாயங்காலம் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கியவரைக் காலையில் எழுப்ப முடியவில்லை. கோவையில் ஆபரேஷன் செய்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். இப்போது மறதியும் கோபமும் அதிகமாக இருக்கிறது. "அந்த ஊசியாலதான் இப்படி ஆச்சா? ராத்திரியே கொண்டு போயிருந்தா?" என்கிறார் அண்ணன்.

ஒரு ஆளை வைத்து ஊசியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், பத்தாயிரம் பேரை வைத்துச் சொல்ல முடியும். தலைக்காயத்தில் மூளை வீங்கும், ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், அப்படியானால் ஸ்டீராய்டு நல்லது என்று பல வருடங்களாகப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே போட்டுவந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கடைசியில் பல நாடுகளில் 10,008 பேரைச் சேர்த்து, ஸ்டீராய்டையும் மருந்தில்லாத ஊசியையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு இல்லாமல் 100-க்கு 17.9 பேர், ஸ்டீராய்டு போட்டவர்களில் 21.1 பேர். 20,000 பேர் என்று திட்டமிட்டிருந்த ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2004-ல் முடிவு வந்த பிறகு உலகம் முழுக்க அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள். நம் ஊர் மெடிக்கல் ஷாப்புகளுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டாவது கேள்விக்கு மறைக்காத பதில்: ஆம், அன்று இரவே போயிருந்தால் ரத்தக்கட்டு சிறியதாக இருக்கும்போதே சிடி ஸ்கேனில் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகக் குடும்பத்தார் தங்களையே குத்திக்கொள்ளத் தேவையில்லை. மண்டை ஓட்டுக்கும் மூளையைப் போர்த்திய உறைக்கும் நடுவில் ரத்தம் கசிந்து சேரும்போது, முதல் சில மணி நேரம் ஆள் தெளிவாகப் பேசுவார், நடப்பார். அழுத்தம் ஏறிய பிறகுதான் சாய்வார். பழகாதவர்கள் ஏமாந்துபோகும் இடம் அதுதான்.

தலையில் அடிபட்டு ஒரு நிமிடம் நினைவு தப்பினாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர், இரண்டு கண்ணின் பாப்பாவும் வேறு வேறு அளவில் தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். டீ, சோடா எதுவும் கொடுக்கக் கூடாது. மரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்தெலும்பும் உடைந்திருக்கலாம் என்பதால், கையையும் காலையும் பிடித்துத் தூக்காமல், தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே நேராக இருக்கும்படி பலகையில் கிடத்த வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு லேசாக இடித்துக்கொண்டாலும், வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து, பிறகு தடுமாற்றமாகத் தெரியவரும்.

நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு ஆய்வும் இருக்கிறது. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்களுக்குக் கொடுக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மருந்து பல வீடுகளுக்குத் தெரிந்ததுதான். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவர் கணவரும் 1962-ல் கண்டுபிடித்தது, விலையும் குறைவு. அதைத் தலைக்காயத்துக்குக் கொடுத்து 12,737 பேரிடம் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. ரொம்பவும் மோசமாக அடிபட்டவர்களுக்குப் பலன் தெரியவில்லை. லேசான, நடுத்தரக் காயத்தில், மூன்று மணி நேரத்துக்குள் நரம்பில் ஏற்றியவர்களில் தலைக்காயத்தால் இறந்தவர்கள் 5.8 சதவிகிதம். ஏற்றாதவர்களில் 7.5 சதவிகிதம். தாமதமாக ஆக, பலன் கரைந்துவிடுகிறது. இது மருத்துவமனையில் டாக்டர் ஏற்றவேண்டிய மருந்து. வீட்டிலிருக்கும் மாத்திரையை விழுங்க வைப்பது ஆபத்து.

சாலை விபத்தாக இருந்தால், தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. பைக்கில் ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 69 சதவிகிதம் குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு. வயலுக்குப் போகிற இரண்டு கிலோமீட்டருக்கும் அது பொருந்தும்.

தம்பியின் மறதியும் கோபமும் காயத்தின் மிச்சம். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூட மெல்ல மெல்ல முன்னேற்றம் தெரியும். நல்ல தூக்கம் வேண்டும், மது கூடவே கூடாது. வலிப்பு வர வாய்ப்பிருப்பதால் டாக்டர் சொல்லும்வரை மரம், கிணறு, டிராக்டர் பக்கம் தனியாக விடக்கூடாது. வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால், நன்றாகிவிட்டது என்று தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. தென்னை வளர்ச்சி வாரியம் மரம் ஏறுபவர்களுக்கென்று 'கேரா சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீடு வைத்திருக்கிறது. அதில் அவர் முன்பே சேர்ந்திருந்தாரா என்று வீட்டிலுள்ள காகிதங்களை ஒருமுறை தேடிப் பார்க்கலாம். அவரோடு மரம் ஏறும் மற்றவர்கள் சேரவில்லை என்றால், வாரியத்தின் அலுவலகத்தில் விண்ணப்பம் கேட்டு வாங்கலாம்.