சுலபமான பாதை என்றால் இளக்காரமா?

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. என் முட்டி ஒத்துழைக்காது. நான் இப்படி ஓரமா உட்கார்ந்திருக்கேன்!"

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை, பெண் வீட்டுக்குப் போகிற நம் ஊர் அம்மா, அப்பாக்கள் சுற்றுலா போன இடத்தில் சொல்லும் வசனம் இது. பிள்ளைகளும், "சரிம்மா, தண்ணி பாட்டில் பக்கத்துலயே இருக்கு" என்று சொல்லிவிட்டு மலையேறக் கிளம்பிவிடுவார்கள். பாசம் இல்லாமல் அல்ல. 'அம்மாவால் முடியாது' என்று இரண்டு தரப்பும் சேர்ந்தே முடிவு கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்!

இந்த முடிவு தப்பு என்பதுதான் என் கட்சி. சாட்சிக்கு ஒரு பாதையையே கூப்பிடுகிறேன்.

யூட்டா மாநிலத்தில் இருக்கிறது ஸயான் தேசியப் பூங்கா. 1919-லிருந்து அதற்கு அந்த அந்தஸ்து. லாஸ் வேகாஸிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சுற்றிலும் வறண்ட பாலைநிலம், செக்கச்செவேலென்று மணற்பாறை மலைகள். வர்ஜின் என்கிற சின்ன ஆறு அந்தப் பாறையை அறுத்து அறுத்தே ஆழமான பள்ளத்தாக்கை உண்டாக்கியிருக்கிறது. பூங்காவின் பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்குப் பெயர் 'டெம்பிள் ஆஃப் சினவாவா'. கோயில் எதுவும் கிடையாது. வானத்தை முட்டும் பாறைச் சுவர்கள்தான் கோபுரம்! அங்கிருந்து ஆற்றை ஒட்டியே கிளம்புகிறது 'ரிவர்சைடு வாக்' என்ற நடைபாதை.

போக, வர மூன்றரை கிலோமீட்டர். தளம் போட்ட பாதை. மொத்த ஏற்றமே 57 அடிதான். அதுவும் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குப் பரவிக் கிடப்பதால் மூச்சு வாங்க வைக்காது. நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். சக்கர நாற்காலியில் வருபவர்கள்கூட, தள்ளிவிட ஆள் இருந்தால் நல்ல தூரம் போகலாம்.

சுலபம் என்பதால் பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மலைமேல் பெய்த மழை பாறைக்குள் இறங்கி, இங்கே சுவரில் கசிந்து சொட்டுகிறது. அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பெரணிச் செடிகள் செங்குத்துப் பாறையில் தொங்குகின்றன. பாலைவனத்தில் பச்சைப்பசேலென்று தொங்கும் தோட்டம்! இதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க முடியாது.

சரி, முட்டி வலிக்கு என்ன பதில்?

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் நடக்கவே கூடாது என்பது பழைய நம்பிக்கை. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை இளைக்கும், மூட்டு இறுகும், வலி கூடும். முட்டியைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். முட்டியைப் படுத்துவது கரடுமுரடான கற்களும், உயரமான படிகளும், செங்குத்தான இறக்கமும். சமதளப் பாதையில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், 65 வயது தாண்டியவர்களுக்கும் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும், முடியாதவர்கள் முடிந்த அளவு செய்யட்டும் என்றுதான் சொல்கிறது. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பேச்சு தடைப்பட்டால் நின்றுவிடுங்கள்.

"அவ்வளவு தூரம் போயும் இதிலேதான் நடக்கணுமா?" என்று இளசுகள் முணுமுணுக்கும். அதே பூங்காவில் 'ஏஞ்சல்ஸ் லேண்டிங்' இருக்கிறது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய முகடு. 2022-லிருந்து அதற்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தாராளமாகப் போகட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் வீட்டோடு சேர்ந்து நடப்பதற்கென்று ஒரு பாதையை முதலில் ஒதுக்கிவிட்டுப் போகட்டும். அந்த நடையில் வேகத்தை நிர்ணயிப்பது பாட்டியாக இருக்கட்டும்!

சுலபம் என்றால் அலட்சியம் என்று அர்த்தமில்லை. கோடையில் அங்கே வெயில் 38 டிகிரி செல்சியஸை சர்வசாதாரணமாகத் தாண்டும். காற்று வறண்டிருப்பதால் வேர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பு நீரை இழப்பதே தெரியாது. வயதானவர்களுக்குத் தாக உணர்வும் குறைவு. போதாக்குறைக்கு நம் பெண்கள், 'பாத்ரூம் எங்கே தேடுவது' என்று பயந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். கவலை வேண்டாம். பஸ் நிற்கும் இடத்திலேயே கழிப்பறையும் குடிநீரும் உண்டு. பாதையில் கிடையாது. போய்விட்டு, பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

ஷுகர்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பையில் பிஸ்கட்டோ குளுக்கோஸோ இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். மனிதர்களையும்தான்! செருப்பு வேண்டாம், கால் முழுக்க மூடிய ஷூ போடுங்கள். ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

ஆற்று நீரைக் கையில் அள்ளிக் குடிக்கவே கூடாது. நச்சுப் பாசி இருப்பதாக 2020-லிருந்து பூங்கா நிர்வாகம் எச்சரித்து வருகிறது. தளம் முடியும் இடத்தில் 'நேரோஸ்' எனும் இடுக்கு ஆரம்பம். அதற்கு மேல் ஆற்றுக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். எங்கோ தூரத்தில் பெய்த மழை, வானம் தெளிவாக இருக்கும்போதே இங்கே வெள்ளமாக வரும். பெரியவர்கள் தளத்தோடு திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

இதுவும் கஷ்டம் என்பவர்களுக்குப் பூங்கா வாசல் அருகிலேயே 'பாரூஸ்' பாதை இருக்கிறது. அதுவும் தளம் போட்டது, ஆற்றோரம்தான். சக்கர நாற்காலிக்கு இன்னும் வசதி. நிழல் குறைவு என்பதால் காலையிலோ சாயங்காலமோ போங்கள்.

பயணத் திட்டம் போடும்போது, 'எந்த இடம் பிரபலம்?' என்பதற்கு முன்னால், 'அம்மா எவ்வளவு தூரம் நடப்பாங்க?' என்று கேளுங்கள். பதில் அரை கிலோமீட்டர்தான் என்றாலும் பரவாயில்லை. அந்த அரை கிலோமீட்டரும் ஆறு கூடவே வருகிறது. எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம்.