முடிவு யாருக்கு வேண்டும்?

ஒரு கலைஞர் இறந்த பிறகும் அவருடைய தொடர் வெளிவந்துகொண்டிருப்பதை வாசகர்கள் பெரும் பேறாகக் கருதிக் கொண்டாடுகிறார்கள். கென்டாரோ மியுராவின் 'பெர்செர்க்' விஷயத்தில் நடப்பது இதுதான். நாங்கள் இக்கொண்டாட்டத்தில் பங்கேற்கவில்லை. அத்தொடரை நேசிப்பவர்களில் நாங்களும் அடக்கம் என்பதால், ஏன் என்பதைச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

முதலில் செய்திகள். 1989இல் தொடங்கிய இந்த ஜப்பானிய மாங்கா, பின்னர் 'யங் அனிமல்' இதழில் தொடர்ந்தது. 2021 மே 6 அன்று, தம் 54ஆம் வயதில், மியுரா காலமானார். அவர் கைபட்ட கடைசி அத்தியாயமான 364ஆவது அத்தியாயம் அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்தது. 41ஆம் தொகுதியோடு நின்றிருக்க வேண்டிய கதை 2022 ஜூனில் மீண்டும் தொடங்கியது. மியுராவின் உதவியாளர்கள் அடங்கிய ஸ்டூடியோ காகா வரைகிறது. அவருடைய பள்ளிக்கால நண்பரும் மாங்கா கலைஞருமான கோஜி மோரி மேற்பார்வையிடுகிறார். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன் மியுரா தமக்கு முழுக்கதையையும் சொல்லியிருந்தார் என்றும், அவர் சொன்னதை மட்டுமே தாம் தரப்போவதாகவும் மோரி அறிவித்தார்.

மோரியின் நேர்மையை நாங்கள் ஐயுறவில்லை. யார் வரைகிறார்கள், யார் மேற்பார்வையிடுகிறார்கள் என்பது எங்கும் மறைக்கப்படவுமில்லை. எங்கள் வழக்கு அவரோடு அன்று. 'எப்படியாவது முடிவு தெரிந்தாக வேண்டும்' என்று அடம்பிடிக்கும் வாசக மனநிலையோடுதான்.

'பெர்செர்க்' கதையை அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். கூலிப்படை வீரன் கட்ஸ், பருந்துப் படையின் தலைவன் கிரிஃபித்தின் கீழ் போரிடுகிறான். சம கனவு உடையவனே தனக்கு நண்பனாக முடியும் என்று கிரிஃபித் கூறுவதைத் தற்செயலாகக் கேட்டு, தனக்கென ஒரு வழி தேடிப் பிரிகிறான். அப்பிரிவைத் தாங்காத கிரிஃபித் தன்னையே அழித்துக்கொள்கிறான். ஓராண்டுச் சித்திரவதையில் நாவையும் உடலையும் இழந்தபின், தன் படையினர் அனைவரையும் பலிகொடுத்துத் தெய்வநிலை எய்துகிறான். கட்ஸ் ஒரு கையையும் ஒரு கண்ணையும் இழக்கிறான். அவன் காதலி காஸ்கா அவன் கண்ணெதிரே சிதைக்கப்பட்டுச் சித்தம் கலங்குகிறாள். பிறகு பழிவாங்கும் பயணம். நட்பு, துரோகம், பழி என்னும் இம்மூன்றும் உலகின் எல்லாக் காவியங்களிலும் உண்டு. ஆகவே இத்தொடரின் மேன்மையைக் கதைச்சுருக்கத்தில் தேடுவது வீண்.

அது கோட்டில் இருக்கிறது. கட்ஸின் வாள் ஒவ்வொரு முறையும் எடையோடு விழுகிறது. அதை வீசுபவனின் தோள் களைத்துப்போவதையும் நாம் பார்க்கிறோம். பலி நடக்கும் அத்தியாயங்களில் நுண்கோடுகளால் நெருக்கமாக இழைக்கப்பட்ட அரக்கக் கூட்டத்தின் நடுவே மனித முகங்கள் ஒவ்வொன்றாக மறையும்போது, சண்டைக் கதை என்ற சொல்லே கூசுகிறது. சொல்லே இல்லாத பக்கங்களில் மியுரா செய்தவற்றை எந்தக் கதைச்சுருக்கமும் சுமக்காது.

இதைச் சொல்வதால் நாங்கள் பூசாரிகளாகிவிடவில்லை. முதல் இரண்டு தொகுதிகளின் கட்ஸ், கறுப்பு அங்கி அணிந்த வழக்கமான முரடன்தான். தொடரின் சிகரம், கடந்தகாலத்தைச் சொல்லும் 3 முதல் 14 வரையிலான தொகுதிகள். அதன்பின் அந்த உயரம் இடையிடையேதான் எட்டப்பட்டது. பாலியல் வன்முறையை அவர் அளவுக்கு மீறிக் கையாண்டார் என்ற குற்றச்சாட்டை நாங்கள் ஏற்கிறோம். கப்பலேறியவர்கள் கரைசேரப் பல ஆண்டுகள் பிடித்ததை வாசகர்கள் கேலி செய்ததிலும் நியாயம் உண்டு.

எல்லாவற்றினும் பெரிய குறை காஸ்கா. ஆயிரம் வீரர்களை நடத்தக்கூடிய அப்பெண், பலிக்குப் பிறகு 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பேச்சற்றவளாக, பிறரால் இழுத்துச் செல்லப்படுபவளாகவே தொடரில் இருந்தாள். 2018இல்தான் அவளுக்கு நினைவு திரும்பியது. திரும்பியதும் கட்ஸின் முகத்தைப் பார்க்க முடியாமல் அலறினாள். தன் தொடரின் ஆகப் பெரிய குறையை மியுரா தாமே எதிர்கொள்ளத் தொடங்கிய இடம் என்று நாங்கள் அதை வாசித்தோம். நலமாக்கும் முத்தம் எதுவும் அங்கே இல்லை; மீட்கப்பட்டவள் மீட்டவனையே அஞ்சினாள். அந்த அச்சத்திலிருந்து அவள் எப்படி எழுவாள் என்பதே எங்களுக்கு எஞ்சியிருந்த கேள்வி.

2022க்குப் பின் நடந்தது என்ன? கிரிஃபித் காஸ்காவைத் தூக்கிச் செல்கிறான், கட்ஸ் உடைந்துபோகிறான். ஒருவேளை மியுராவின் திட்டமும் இதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் திட்டம் வேறு, படைப்பு வேறு. 30 ஆண்டுகளுக்கு முன் நண்பரிடம் சொன்ன கதையை, அதன்பின் அதை வரைந்த கை எத்தனை முறை திருத்தியிருக்கும்? காஸ்கா கவர்ந்து செல்லப்படுகிறாள் என்பது ஒரு தகவல். அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்பதே கலை. நண்பரின் நினைவில் முதலாவது தங்கியிருக்கும். இரண்டாவது மியுராவின் பேனா முனையில் மட்டுமே பிறந்திருக்க முடியும். ஸ்டூடியோ காகாவின் தேர்ச்சியை நாங்கள் மதிக்கிறோம். அத்தேர்ச்சி எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு இழப்பு கண்ணுக்குப் படாமல் போகிறது.

மாங்கா என்பதே கூட்டு உழைப்புதானே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், மியுராவுக்கும் உதவியாளர்கள் இருந்தார்கள். அதே 2021இன் செப்டம்பரில் 'கோல்கோ 13' படைத்த தகாவோ சைட்டோவும் மறைந்தார். 1968இல் தொடங்கிய அத்தொடர் இன்றும் வருகிறது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. சைட்டோ தொடக்கம் முதலே வேலைகளைப் பகுத்து ஒரு தொழிற்கூடமாகத் தம் நிறுவனத்தை அமைத்தவர். தமக்குப் பின்னும் தொடர் நடக்க வேண்டும் என்று விரும்பியவர். கொலைஞன் கோல்கோவுக்கு வளர்ச்சியும் இல்லை, முடிவும் தேவையில்லை. 'பெர்செர்க்' அந்த வகை அன்று. அது ஒரே மனிதரின் வயதோடு வயதாக மாறிவந்த படைப்பு.

இன்னொரு முன்னுதாரணம், நட்சுமே சொசெகியின் கடைசி நாவலான 'மெய்யான்'. 1916இல் அவர் இறந்தபோது அது பாதியில் நின்றது. 1990இல் மினாயே மிசுமுரா அதன் தொடர்ச்சியை நூலாக வெளியிட்டார். சொசெகியின் நடையையே கைக்கொண்டார். ஆனால் தம் பெயரில், தம் துணிவில், தாம் கண்ட முடிவை எழுதினார். அது ஒரு வாசகியின் விமர்சனம். பிழைபட அதற்கு உரிமை உண்டு. தம் கற்பனையை விலக்கிக்கொள்வதாக உறுதி சொல்லும் மோரியோ அந்த உரிமையையும் துறந்துவிடுகிறார். மியுராவின் கையும் இல்லை, மோரியின் கற்பனையும் இல்லை என்றால், அந்தப் பக்கங்களின் ஆசிரியர் யார்?

ஒசாமு தெசூகா தம் வாழ்நாள் முழுதும் வளர்த்த 'ஃபீனிக்ஸ்' தொடரை முடிக்காமலேயே 1989இல் மறைந்தார். அது முடிவுறாதது என்பதற்காக எவரும் அதைக் குறைபட்ட படைப்பு என்று சொல்வதில்லை. முடிவு என்பது வாசகனுக்குப் படைப்பாளி பட்ட கடன் அன்று. பணம் கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு பாகம் குறைகிறது என்று கடைக்காரரிடம் முறையிடும் தொனியில் இலக்கியம் பேசுவதை நாங்கள் ஏற்க மறுக்கிறோம்.

வெளியீட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் விருப்பமும் எங்களுக்கு இல்லை. நண்பர் தம் வாக்கைக் காப்பாற்றட்டும். நாங்கள் கேட்பது விமர்சனத்தில் ஒரு கோடு மட்டுமே: 41 தொகுதிகள் மியுராவின் படைப்பு; அதன்பின் வருபவை ஒரு நண்பரின் சாட்சியம். இரண்டையும் ஒரே தராசில் இட்டு, 'பெர்செர்க் இப்படி முடிந்தது' என்று நாளை எவரேனும் எழுதினால் அது பிழை.

அது ஏற்கெனவே முடிந்துவிட்டது. முழுநிலவில் வந்துபோகும் சிறுவன் கிரிஃபித்தாக மாறி நிற்கிறான். அவன் கன்னத்தில் கண்ணீர் இருக்கிறது. மியுரா விட்டுச்சென்ற இடம் அது. ஏன் அழுதான் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கு அது போதும்.