அகர வரிசையில் ஒரு சிநேகிதம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் காவலர் பயிற்சிக்கு வந்திருந்தவர்களிடம் சமூகவியலாளர் மேடி சீகல் ஒரு எளிய கேள்வி கேட்டார். உங்களுக்கு இங்கே நெருங்கிய நண்பர்கள் யார் யார்? பதில்களைப் பெயர்ப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருந்தது. அடுத்தடுத்த எழுத்தில் பெயர் தொடங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் நண்பர்களாகியிருந்தார்கள். மதம், வயது, கல்யாணமானவரா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் நின்றன. இதில் மாயமொன்றும் இல்லை. தங்கும் அறையையும் வகுப்பில் உட்காரும் இடத்தையும் குடும்பப் பெயரின் அகர வரிசைப்படி ஒதுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். 1974இல் வெளிவந்த அந்தச் சின்ன ஆய்வை இன்றும் உளவியல் வகுப்புகளில் சொல்கிறார்கள்.

அந்தக் காவலர்களைத் தனித்தனியே கூப்பிட்டு, ஏன் இவர் உங்கள் நண்பர் என்று கேட்டிருந்தால் எழுத்து வரிசையை யார் சொல்லியிருப்பார்கள்? ‘குணம் ஒத்துப்போச்சு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

குணத்தின் மீது நமக்கு அத்தனை நம்பிக்கை. ‘எல்லார்கிட்டயும் நல்லாப் பழகுவார்’ என்று ஒருவரைப் புகழ்கிறோம். ஒதுங்கியிருப்பவருக்கு ‘முசுடு’ என்று பெயர் வைக்கிறோம். குணத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாதுதான். நியூசிலாந்து ஆய்வாளர்கள் கிறிஸ் சிப்லியும் ஜான் டக்கிட்டும் அதுவரை வந்திருந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2008இல் அலசினார்கள். புதியதை அறியும் ஆர்வமும் பிறரோடு இணங்கிப் போகும் சுபாவமும் குறைந்தவர்களிடம் மற்றப் பிரிவினர் மீதான காழ்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. கவனிக்க வேண்டியது, கலகலப்புக்கு இதில் சொல்லிக்கொள்ளும்படியான இடம் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பந்தியாகப் போய் எல்லோரையும் விசாரித்துச் சிரிக்க வைக்கும் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். ‘தம்பி, நீங்க என்ன ஆளுங்க?’ என்று கூச்சமில்லாமல் கேட்பவரும் பல சமயம் அவரேதான். மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் முசுடு அதைக் கேட்பதில்லை.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. கனடா உளவியலாளர் கார்டன் ஹாட்சன் பிரிட்டனில் சிறைப்பட்டிருந்த வெள்ளையர்களிடம் ஆய்வு செய்தார். சிலர் மேலே, சிலர் கீழே இருப்பதுதான் உலக நியதி என்று நம்புகிறவர்களைப் பழகவைத்துப் பயனில்லை என்றுதான் பொதுவாகத் தோன்றும். ஆனால் அவர்களில் கறுப்பினக் கைதிகளோடு அதிகம் பழகியவர்களிடம் பாகுபாடு குறைவாக இருந்தது. முதலிலேயே திறந்த மனத்தோடு இருப்பவர் மாற வேண்டியது கொஞ்சம்தானே.

டெல்லிக்கு வருவோம். அரசு சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு பங்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற ஆணை 2007இல் அமலுக்கு வந்தது. வசதியான வீட்டுப் பெற்றோர் பதறினார்கள். பொருளாதார ஆய்வாளர் கௌதம் ராவ் அந்தப் பள்ளிகளுக்குப் போனார். சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகர வரிசைப்படி பிரிக்கும் வழக்கம் இருந்தது. யாருடைய குழுவில் ஏழைப் பிள்ளை இருக்கும், யாருடைய குழுவில் இருக்காது என்பதைப் பெற்றோரின் குணமோ பிள்ளையின் குணமோ தீர்மானிக்கவில்லை, எழுத்து தீர்மானித்தது. ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்!

அவர் ஒரு தொடர் ஓட்டப் பந்தயம் வைத்தார். வேகமாக ஓடும் ஏழை மாணவர் ஒருவர், அவ்வளவு வேகமில்லாத வசதியான மாணவர் ஒருவர். கூட்டாளியாக யாரை எடுப்பாய்? பரிசுத் தொகை சிறியதாக இருந்தபோது வேகத்தை விட்டுவிட்டுத் தன் வர்க்கத்தைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் இருந்தார்கள். தொகை ஏற ஏற அந்தத் தயக்கம் கரைந்தது. காசுக்கு அப்படியொரு சமத்துவ புத்தி உண்டு. ஆனால் ஏழைப் பிள்ளைகளோடு ஏற்கெனவே சேர்ந்து படித்தவர்களிடம் அந்தத் தயக்கம் முதலிலிருந்தே குறைவு. பெற்றோரின் பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆங்கில மதிப்பெண் லேசாகச் சரிந்ததும் 2019இல் வெளிவந்த அதே ஆய்வில் இருக்கிறது.

சேர்த்து வைத்தால் மட்டும் போதுமா? உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பல சாதி இளைஞர்கள் 1,261 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் பலரைக் கிரிக்கெட் போட்டிகளில் ஆடவைத்தார் ஆய்வாளர் மேட் லோ. ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியில் நின்று மோதியபோது விளைவு நேர்மாறாகப் போயிற்று. மைதானம் ஒன்றுதான், பந்தும் ஒன்றுதான். யார் பக்கம் நிற்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

இந்த அகர வரிசை தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அந்த மாணவரோடு படித்தவர்கள். அதன்பின் மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றொரு பரிந்துரை இருக்கிறது.

மேரிலாந்தில் குடும்பப் பெயர் வரிசை. ஒரே குடும்பப் பெயருள்ளவர்கள் அதில் கொத்தாகச் சேர்ந்துவிடுவார்கள். வட இந்தியாவில் அப்படிச் செய்தால் ஒரு பெஞ்சு முழுக்க ஒரே சாதியாகிவிடும் வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டு வருகைப் பதிவேட்டில் அந்தச் சிக்கல் குறைவு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அந்த இயக்கத்தின் புண்ணியத்தில் இங்கே பெயருக்கு முன்னால் ஒரு தலைப்பெழுத்துதான் நிற்கிறது. அருணுக்குப் பக்கத்தில் அலெக்ஸ், அவனுக்குப் பக்கத்தில் அஸ்லம் என்று பிள்ளைகள் தாமாகவே கலந்துவிடுவார்கள்.

ஹங்கேரியில் 182 வகுப்புகளில் இருக்கைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிச் சோதித்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நண்பர்களாகும் வாய்ப்பு 15 விழுக்காட்டிலிருந்து 22 ஆக உயர்ந்தது. ஒரே மாதிரியான பிள்ளைகளிடையே இந்த உயர்வு இன்னும் கூடுதல். எதிரெதிர் துருவங்களை ஒரு பெஞ்சு ஓரளவுக்குத்தான் இழுக்கும். மணி அடித்ததும் மதியச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதற்கும், சாயங்காலம் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகிறார்கள் என்பதற்கும் பதிவேட்டில் வரிசை கிடையாது.

சந்துரு அறிக்கை வெளிவந்தபோது அரசியல் கட்சிகள், அது தடைசெய்யச் சொன்ன, கையில் கட்டும் கயிற்றுக்கும் நெற்றியில் இடும் திலகத்துக்கும் மல்லுக்கு நின்றன. பெஞ்சில் யார் பக்கத்தில் யார் என்ற பரிந்துரையை எடுத்துப் பேசியவர்கள் குறைவு.