கடனின்றிக் கொடைக்கானல்

"கொடைக்கானல் பணம் படைத்தோர் போகும் ஊர், நமக்கு அங்கே என்ன வேலை?" நம் பங்குக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் சொல் இது. நாங்களும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். மங்கலம்பேட்டை வெயிலில் வளரும் பிள்ளைகளுக்கு மலை என்பது பாடப்புத்தகத்துப் படம். ஏரி என்பது கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண்.

சென்ற ஆண்டு சனவரித் திங்களில், விடுமுறைக்குக் கொடைக்கானல் போய்வந்த தோழியின் கதைகளைக் கேட்டுவிட்டு வந்த எங்கள் மகள், "நாம் எப்போது போவோம்?" என்று கேட்டாள். அன்றிரவு இல்லத்தரசி தன் காதணிகளைக் கழற்றி வைத்து, "இவற்றை அடகு வைத்தால் போய்வரலாமே" என்றாள். அடகுக் கடைக்குச் சென்ற நகை எத்தனை வீடுகளில் திரும்பி வந்திருக்கிறது என்பது நம்மில் பலரும் அறிந்ததே. மூன்று நாள் மகிழ்ச்சிக்கு மூன்றாண்டு வட்டி கட்டுவது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையன்று. ஆகவே காதணிகள் மீண்டும் காதுக்கே சென்றன. மாதம் 800 ரூபாயாக ஒன்பது மாதம் சேர்ப்பதென முடிவு செய்தோம். செப்டம்பரில் 7,200 ரூபாய் சேர்ந்தது. நால்வரும் புறப்பட்டோம்.

சென்று வந்தபின் ஒன்று விளங்கியது. அவ்வூரில் விலை ஏறியிருப்பவை மூன்று: காலம், வண்டி, அறை. இம்மூன்றிலும் எச்சரிக்கையாயிருந்தால் எளிய குடும்பமும் அங்கே தலைநிமிர்ந்து உலவலாம்.

முதலாவது, காலம். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டமும் வாடகையும் ஒருங்கே ஏறும். நாங்கள் காலாண்டு விடுமுறையில், பூசை நாட்களையும் சனி ஞாயிறையும் தவிர்த்துச் சென்றோம். பிற்பகலில் மழைத் தூறல் இருந்தது. காலை வேளைகள் எங்களுக்குப் போதுமாயிருந்தன.

இரண்டாவது, வண்டி. மதுரை செல்லும் தொடர்வண்டிகளுள் விருத்தாசலத்தில் நிற்பவை உண்டு. அவற்றில் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கினால், வத்தலக்குண்டு வழியாகச் செல்லும் அரசுப் பேருந்து மலைமேல் கொண்டு சேர்க்கும். உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் கொடைக்கானல் செல்லும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பேருந்தில் செல்வோர்க்கு அக்கவலை இல்லை.

மூன்றாவது, அறை. இதில் நாங்கள் ஏமாந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் ஒருவர் குறைந்த வாடகை சொல்லி அழைத்துச் சென்றார். மறுநாள் காலையில் வெந்நீருக்கு வாளி ஒன்றுக்கு இவ்வளவு, கம்பளிக்கு இவ்வளவு என்று கணக்கு நீண்டது. வாடகை பேசும்போதே வெந்நீரையும் போர்வையையும் சேர்த்துப் பேசி விடுங்கள். அறையைக் கண்ணால் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். சன்னல் வழியே ஏரி தெரியும் அறைக்கு மிகுதியாகக் கொடுக்க வேண்டுவதுமில்லை. பத்து நிமிடம் நடந்தால் ஏரி முழுவதும் கண்முன்னே இருக்கிறது.

அவ்வேரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் என்பவர், 1863-ஆம் ஆண்டில் ஓடைகள் கூடிய சதுப்பு நிலத்தில் கரை எழுப்பி நீரைத் தேக்கினார். விண்மீன் வடிவில் ஏறத்தாழ 60 ஏக்கர் பரந்து கிடக்கிறது. சுற்றுச் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அதிகாலையில் மூடுபனி விலகும் நேரத்தில் நால்வரும் அதனைச் சுற்றி நடந்தோம். சைக்கிளுக்கும் குதிரைக்கும் பணம் கேட்கிறார்கள். நடப்பதற்கு யாரும் கேட்பதில்லை. ஆயினும் படகில் ஏற வேண்டுமென்ற பிள்ளைகளின் ஆசையை நாங்கள் மறுக்கவில்லை. மற்றவற்றில் மிச்சம் பிடித்தது இதற்காகத்தானே! 1872-இல் அமைந்த கோக்கர் நடைபாதையும், 1908-இல் உருவான பிரையண்ட் பூங்காவும் சிறு கட்டணத்தில் பார்க்கக் கூடியவையே.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 1845-இல் அமெரிக்க மறைபணியாளர் இங்கே முதல் இல்லங்களைக் கட்டினர். மோட்டார் வண்டி செல்லும் மலைச்சாலை 1914-ஆம் ஆண்டளவில்தான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் துரைமார் டோலியில் ஏறி வந்தனர். அந்த டோலியைச் சுமந்தவர் யார்? நம் போன்ற எளியவர்களே. ஏரிக் கரைக்கு மண் சுமந்தோரும் அவர்களே. ஆகவே இம்மலைக்கு எளியவன் புதியவனல்லன். சுமந்து ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் கைவீசி நடந்து ஏறிப் பார்ப்பதில் கூச்சம் எதற்கு?

இறுதி நாளில் 1866-இல் எழுந்த சலேத் அன்னை ஆலயத்திற்குச் சென்றோம். பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில், 1846 செப்டம்பர் 19-ஆம் நாள், மாடு மேய்த்த மெலானி, மாக்சிமின் என்னும் இரு ஏழைச் சிறார்க்கு அன்னை கண்ணீரோடு காட்சியளித்தார். அழுகிப்போன உருளைக்கிழங்கைப் பற்றியும் வரவிருந்த பஞ்சத்தைப் பற்றியும் அவர்களோடு பேசினார். வீட்டுச் செலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே முழந்தாளிட்டபோது, அவ்வன்னை நமக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றியது.

இரண்டு இரவு தங்கினோம். முதல்நாள் உணவு வீட்டிலிருந்து கட்டிச் சென்ற புளிச்சோறு. மற்ற நாட்களில் பேருந்து நிலையத்தருகே எளிய உணவகங்கள். வீடு திரும்பியபோது 340 ரூபாய் மிஞ்சியிருந்தது. மகள் அதனை மறுபடியும் உண்டியலில் போட்டாள். "அடுத்தது எந்த ஊர்?" என்றாள். அவள் தாய் சிரித்தாள். காதணிகள் காதிலேயே இருந்தன.

வாசகக் குடும்பத்தாரே, நீங்களும் பிள்ளைகளோடு அமர்ந்து ஓர் உண்டியலைத் தொடங்குங்கள். எவ்வளவு சேர்கிறது, எதற்குச் செலவாகிறது என்பதை அவர்களே எழுதட்டும். ஊரைக் காணும் நாள் பிந்தினாலும் குற்றமில்லை. கடனோடு திரும்பாதிருந்தால் போதும்.